வெண்ணெயும் சுண்ணாம்பும்

மூட்டையைக் கவிழ்த்தபோது கண்ணாடிக் குச்சிகளோடு அழுக்குத் தண்ணீரும் கொட்டியது. தண்ணீரோடு கூழாகிப்போன காகிதமும் வந்தது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு இருந்திருக்க வேண்டும். என்ன நிறம், என்ன வகை என்று அதில் அச்சடித்திருப்பார்கள். இப்போது அது விரலில் ஒட்டிக்கொள்ளும் சேறு. பென்சில் தடிமனில், முழங்கை நீளத்தில், பன்னிரண்டு மூட்டைக் குச்சிகள் பட்டறைத் தரையில் குவிந்து கிடந்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது.

"அடிமாட்டு விலைக்கு முடிச்சேன்," என்றார் முதலாளி. வெள்ளம் புகுந்து இழுத்து மூடிய ஏதோ ஒரு பட்டறையின் சரக்கு அது. "தண்ணி பட்டா கண்ணாடி என்ன ஊசிப்போயிடுமா? தொடச்சு வெச்சா புதுசு."

துடைத்து வைத்தார்கள். புதுசு மாதிரிதான் மின்னியது. பத்துப் பெண்களும் பத்து பர்னர் முன்னால் உட்கார்ந்து, கைக்கு வந்த குச்சியைத் தீயில் நீட்டினார்கள். தேன் பதத்தில் இளகிய கண்ணாடியைக் களிமண் பூசிய கம்பியின்மேல் சுற்றி, மணி மணியாக உருட்டி, சூடு மெல்ல ஆறுகிற பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பல்லி கத்துகிறாற்போல டிக், டிக் என்று சத்தம். வெள்ளைப் புள்ளி வைத்த பச்சை மணிகள் அவர்கள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் போயிற்று. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"யானைய வாங்கிட்டு அங்குசத்த விட்டுட்டு வந்திருக்காரு," என்று கோழியக்காவின் காதில் முணுமுணுத்தாள் நாத்தனார்.

கோழியக்காவுக்கு அவள் புருஷன் வைத்த பெயர் நெருப்புக்கோழி. பத்தொன்பது வருஷமாக நாள் முழுக்கத் தீக்கு முன்னால் உட்காருகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்பான் அவன். பெயின்ட் அடிக்கிறவன், வாய் கொஞ்சம் நீளம். அந்தப் பெயரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது நாத்தனார்தான், அவனுடைய ஒரே தங்கை. வந்த இடத்தில் நெருப்பு உதிர்ந்து கோழி மட்டும் நின்றுவிட்டது. வீட்டு விசேஷம் எதுவானாலும் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் பட்டறையில் அடுத்தடுத்த பர்னரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி டீ குடிக்க மாட்டாள்.

"இதுல எது எதுன்னு பிரிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" முதலாளி எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார். "ஆறு நிறத்துல ஆர்டர் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள மொதப் பெட்டி போகணும். பிரிச்சுக் குடுக்குறவங்களுக்குப் பார்வை மேசைய குடுத்துடுறேன். மாசச் சம்பளம்."

பார்வை மேசை ஜன்னலோரம் இருந்தது. செய்து முடித்த மணிகளை அங்கே உட்கார்ந்து பார்த்து, விரிசல் விட்டதையும் நிறம் தப்பியதையும் கழிக்க வேண்டும். முன்பு பார்த்துக்கொண்டிருந்தவள் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். முதுகு சாய நாற்காலி உண்டு, காற்று உண்டு, முக்கியமாக நெருப்பு கிடையாது.

"நான் பிரிக்கிறேங்க," என்றாள் கோழியக்கா. முதலாளி வாயை மூடக்கூட இல்லை. நாத்தனார் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கண் டாக்டரம்மா அவள் தாடையைப் பிடித்து, கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருந்தார். சொன்னாள்.

"நெருப்பு முன்னாடி உக்காரும்போது கண்ணுக்கு ஏதாவது போடுவீங்களா?"

"இல்லீங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எடது கண்ணுல லென்ஸ் மங்கினது மட்டும் இல்லம்மா. உள்ள இருக்கிற திரையும் சூட்டுல வெந்திருக்கு. ஆபரேஷன் பண்ணாலும் பெருசா திரும்பாது. வலது கண்ணுல இப்பத்தான் ஆரம்பம். மஞ்ச கட்டுது. நெருப்ப விட்டுட்டீங்கன்னா அந்த ஒரு கண்ணு நிக்கும்."

"விடலைன்னாங்க?"

"அதுவும் போயிடும்."

தலைவலிக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். மழை தொடங்கினால் புருஷனுக்கு வேலை கிடையாது. ஈரச் சுவரில் யார் பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள்? அவள் தீயை விட்டால் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அன்றிலிருந்து இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் வேலை செய்தாள். "கோழியக்கா என்ன, குறி பாத்துச் சுடுறாப்ல உக்காந்திருக்கு?" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மறுநாளே குச்சிகளைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். கூடமாட எழுதவும் எடுத்துக் கொடுக்கவும் நாத்தனார்.

குளிர்ந்த குச்சியைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பினால் மோசம் போகவேண்டியதுதான். கறுப்பு என்று எடுத்தது கத்தரிப்பூ நிறமாக இருக்கும். தண்ணீர் போலத் தெளிவாக இருப்பது இரண்டாவது சூட்டில் மாதுளைச் சிவப்பாக மாறும். பழகினால்தான் ஆளின் குணம் தெரிகிறமாதிரி, தீயில் காட்டினால்தான் குச்சியின் குணம் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் அவள் விரலுக்கும் மூக்குக்கும் காதுக்கும் அது ஏறியிருந்தது. எந்தக் குச்சி தீயில் பட்டதும் படபடவென்று தெறிக்கும், எது சோம்பேறி போல மெல்ல இளகும், எது கம்பியில் நிற்காமல் வழியும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வரும்.

முதலில் வகை பிரித்தாள். பட்டறையில் வழக்கமாக வாங்கும் பழைய குச்சி ஒன்றின் நுனியையும் பெயர் தெரியாத குச்சியின் நுனியையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து உருக்கி, குறட்டால் பிடித்து இழுத்தாள். முடி போல ஓர் இழை நீண்டது. ஆறும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இழை நேராக நின்றால் இரண்டும் ஒரே வகை. வில்லாக வளைந்தால் ஒன்று அதிகமாகச் சுருங்குகிறது, மற்றது குறைவாகச் சுருங்குகிறது. இரண்டையும் சேர்த்து மணி செய்தால் ஆறும்போது வெடிக்கும்.

"அட, எங்க மாமியாரும் நானும்," என்றாள் நாத்தனார் வளைந்த இழையைப் பார்த்து. "சூட்டுல ஒட்டிக்குவோம். ஆறினா ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவோம்."

"உங்க மாமியார் காதுல விழப்போகுது."

"விழட்டும். அதுக்குத்தான் சொல்றேன்."

ஐந்து மூட்டை வளைந்த வகை. ஏழு மூட்டை நேரான வகை. பிறகு கேஸைக் கூட்டி, காற்றைக் குறைத்து, புகைகிற தீயில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். செம்பு கலந்த நீலமும் பச்சையும் அந்தத் தீயில் பாத்திரத்தின் அடி போலச் சிவந்த தோல் போர்த்துக்கொள்ளும். ஈயம் கலந்தது சாம்பல் பூசிக்கொள்ளும். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு மணியும் ஓர் இழையும் செய்து, ஒரு பழைய பலகையில் வரிசையாகக் கட்டினாள். மணிக்குக் கீழே அவள் சொல்லச் சொல்ல நாத்தனார் எழுதினாள்: எப்படி உருகும், எதோடு சேரும், எதோடு சேராது. கண் கூசுகிறது, நீயே பார்த்துச் சொல் என்று சில நிறங்களை நாத்தனாரிடமே கேட்டு எழுத வைத்தாள். நாத்தனாருக்கு அது அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

காலிச் சாக்குகளை மடித்து வைக்கும்போது ஒன்றின் மூலையில் ஒரு கண்ணாடி சிக்கியிருந்தது. குச்சி அல்ல, முகத்தில் போடுகிற கண்ணாடி. வெளிர் ஊதாவில் இரண்டு வட்டச் சில்லு. காதில் மாட்டும் கொம்பு உடைந்து, அந்த இடத்தில் யாரோ சிவப்பு நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நூல் வியர்வையில் கறுத்திருந்தது. அந்தப் பட்டறையில் யாரோ ஒருத்தி அதைப் பல வருஷம் போட்டிருக்க வேண்டும்.

கோழியக்கா அதைக் கழுவித் துடைத்து மாட்டிக்கொண்டு குச்சியைத் தீயில் நீட்டினாள்.

"ஐயோ!" என்றாள்.

"என்ன அண்ணி, சுட்டுக்கிட்டீங்களா?"

"மஞ்ச வெளிச்சத்தக் காணோம்டி."

கண்ணாடி உருகும்போது தீயில் எழும் அந்த மஞ்சள் சுடர் பத்தொன்பது வருஷமாக அவள் கண்ணில் ஊசி போலக் குத்திக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லவே இல்லை. தீக்குள் குச்சியின் நுனி உருண்டு திரள்வது துல்லியமாகத் தெரிந்தது. தன் வேலையை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் முதலாளி வந்தபோது, "ஐயா, இத நான் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நல்ல பொருள் என்று தெரிந்தது. "மூட்டையில வந்ததெல்லாம் சரக்கும்மா. ஒனக்குக் குடுத்தா மத்த ஒம்போது பேரும் கேப்பாங்க. ஒண்ணு என்ன வெல தெரியுமா? நான் எங்க போவேன்?" அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "ஆர்டர்காரங்க பட்டறையப் பாக்க வருவாங்க. அவங்களுக்கு ஆகும்."

ஏழாம் நாள் வெள்ளைக் குச்சிகளுக்கு வந்தார்கள். அதில் இரண்டு உண்டு. ஒன்று பளீர் வெள்ளை. இன்னொன்று தந்த நிறத்தில் லேசான மஞ்சள் ஓடியது. பட்டறைப் பேச்சில் முதலாவது சுண்ணாம்பு, அடுத்தது வெண்ணெய். ஆர்டரில் இரண்டும் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். கோழியக்கா கட்டிவைத்த கட்டை நாத்தனார் எடுத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வெச்சிருக்கீங்க? வெண்ணெய்க்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நீங்க?" சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

கோழியக்கா சிரிக்கவில்லை. "எது வெண்ணெய்?" என்றாள்.

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு குச்சிகளை எடுத்து அண்ணியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அண்ணி முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மற்றதை மூடிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல், பர்னர் இரைச்சலுக்குள்ளேயே எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா? எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீட்டோட இருன்னுவாரு. இருந்தா எப்படி நடக்கும், நீயே சொல்லு. அந்த மேசை கெடச்சா கண்ணும் நிக்கும், சம்பளமும் நிக்கும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

"அந்த மேசையில உக்காந்து எதப் பாப்பீங்க? கண்ணால பாக்குற வேலையில்லையா அது?"

"விரிசல் பாக்க நகம் போதும். நெறத்துக்கு நீ இருக்கே." கோழியக்கா மூக்கை உறிஞ்சினாள். "இப்ப இதப் பாரு."

மயில் நீலக் குச்சியில் மெல்லிய இழை ஒன்றை இழுத்தாள். அது செம்பு கலந்த நீலம். பெயர் தெரியாத வெள்ளைக் குச்சியின் நுனியை உருக்கி, அதைச் சுற்றி அந்த இழையை ஒரு வட்டம் ஓடவிட்டாள். ஆறியதும் வெள்ளையும் நீலமும் தொட்ட இடத்தில் மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு எழுந்தது.

"வெண்ணெய்ல ஏதோ கலந்திருக்கு, அது செம்பப் பாத்தா கறுக்கும். சுண்ணாம்பு கறுக்காது. என் கண்ணு பாக்கவேணாம், தீ பாத்துச் சொல்லிடும். கறுப்புக் கோடு எனக்கு நல்லாவே தெரியுது."

நாத்தனார் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையில் எழுதினாள். "நெஜமாவே நெருப்புக்கோழிதான்," என்றாள்.

ஒன்பதாம் நாள் பலகை முடிந்தது. அறுபத்து மூன்று மணி, அறுபத்து மூன்று இழை, கீழே நாத்தனாரின் குண்டு குண்டு எழுத்து. முதலாளி பத்துக் குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, பலகை சொன்னபடி கலந்து செய்யச் சொல்லி, மறுநாள் காலையில் பெட்டியைத் தாமே திறந்தார். ஒன்றுகூட விரியவில்லை. "கரும்பு தின்னக் கூலி குடுத்த மாதிரி ஆச்சு போ," என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பலகையை வாசலுக்கு நேர் எதிரே சுவரில் மாட்டச் சொன்னார். கோழியக்கா தன் முக்காலியை விட்டு எழுந்து ஜன்னலோர நாற்காலிக்குப் போனாள்.

அந்தப் பதினொரு நாளைப்போல ஒரு சுகத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கண்ணில் மணல் அரைக்கவில்லை. நெற்றி சுடவில்லை. புருஷன்கூட, "என்ன, கோழி குளுந்து போயிருக்கு?" என்று கேட்டான். மணியின் துளையைச் சுற்றி நகத்தை ஓட்டினால் முடியளவு விரிசலும் தட்டுப்பட்டது. பற்களில் லேசாகத் தட்டினால் நல்ல மணி ஒரு மாதிரியும் உள்ளே வெடித்தது வேறு மாதிரியும் சத்தம் கொடுத்தது. அவளுக்கு முன்னால் இருந்தவள் கண்ணால் பார்த்துத் தப்பவிட்டதைக்கூட இவள் விரல் பிடித்தது. நிறத்துக்கு நாத்தனாரின் ஏற்பாடு இருந்தது: பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து வரும்போது வெண்ணெய்த் தட்டின் பிடியில் ஒரு கம்பியை முறுக்கிவிடுவாள். கை வைத்தால் தெரிந்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் நாத்தனார் வரவில்லை. அவள் மாமனாருக்கு மூச்சுத்திணறல், விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். தட்டுகளை வேறு ஒருத்தி எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு தட்டு. பிடியில் கம்பி இல்லை. கோழியக்கா இரண்டு பிடியையும் நாலு தடவை தடவிப் பார்த்தாள். மணிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டும் ஒன்றுபோலவே மங்கல் மஞ்சளாகத் தெரிந்தன. பக்கத்தில் யாரையாவது கேட்கலாம். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். குத்துமதிப்பாகச் சீட்டு எழுதி ஒட்டலாம். தப்பானால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும், ஒன்பது பேர் வேலை பாழாகும். அவளுக்கு மனசு வரவில்லை.

எல்லோரும் டீ குடிக்க வெளியே போனபோது தட்டுக்கு ஒரு மணியாக எடுத்துச் சுத்தியலால் உடைத்தாள். ஆறின மணியைச் சட்டென்று தீயில் காட்டினால் தெறிக்கும். அதனால் சில்லுகளைக் குறட்டில் பிடித்து, தன் பழைய பர்னரில் தூரத்திலிருந்து மெல்ல மெல்லச் சூடேற்றினாள். மயில் நீல இழையைத் தொட்டாள். வலது தட்டின் சில்லு கறுத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"என்னம்மா பண்றே?"

பின்னால் முதலாளி நின்றிருந்தார். "நல்ல மணிய எதுக்கு ஒடச்சே?"

"எது வெண்ணெய்னு பாக்குறேங்க."

"அதுக்கு எதுக்கு ஒடைக்கணும்? பாத்தா தெரியாதா?"

அவள் குறட்டைக் கீழே வைத்தாள். முதலாளி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டுக்கு ஒன்றாக இரண்டு மணிகளை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, அவள் முன்னால் நீட்டினார்.

"இதுல எது வெண்ணெய்?"

ஒரு கண்ணை மூடினாள். திறந்தாள்.

"தீயில காட்டினா தப்பாம சொல்லிடுவேங்க," என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "எத்தன நாளா?" என்றார்.

"ரெண்டு மூணு மாசமாங்க. ஆனா ஒரு மணிகூட நான் தப்பாப் பாக்கலங்க. இந்தத் தட்டு வெண்ணெய், அது சுண்ணாம்பு. சரியான்னு நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "சரியா இருந்தா ஆச்சா? நாளைக்கு ஆர்டர்காரங்க வந்து நிக்கும்போது ஒவ்வொரு மணியா ஒடச்சுக் காட்டுவியா? கண்ணு தெரியாதவளப் புடிச்சு நெறம் பாக்க வெச்சிருக்கான்னு ஊரே கைகொட்டிச் சிரிக்கும். எங்க போயிக் கெடுத்துக்கிட்டே கண்ண?"

"இங்கதாங்க. வேற எங்க நான் நெருப்பப் பாத்தேன்?"

முதலாளி சட்டையின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். எனக்குந்தான் பேப்பர் படிக்க முடியல." பிறகு குரலை இறக்கினார். "நான் ஒண்ணும் ராட்சசன் இல்லம்மா. போன்னு சொல்லல. ஒன் பர்னர் காலியாத்தான் இருக்கு. மணி உருட்ட ஒனக்குக் கண்ணு எதுக்கு? அதான் கையே செய்யுதே."

"டாக்டரம்மா நெருப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க ஐயா. பொட்டி கட்டுற வேல, கூட்டுற வேல, ஏதாவது குடுங்க."

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. பர்னர் இருக்கு. இஷ்டம்னா உக்காரு." பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தம் அறைக்குப் போனார். பலகை இருக்கும்வரை குச்சி பிரிக்கவும் இனி அவள் தேவையில்லை.

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். வெளியே இரண்டு நாளாக மழை பிடித்திருந்தது. அவன் காய்ந்த பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, டாக்டர் மாதிரி இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு என்ன தெரியும்?

"நாளையிலேருந்து நீ போகாதே," என்றான்.

மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் பிரஷ்ஷை எடுத்தான், உதறினான், திரும்பவும் ஊறப்போட்டான். போகாதே என்று அவன் இரண்டாவது முறை சொல்லவில்லை.

பார்வை மேசை நாத்தனாருக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் முதலாளி. அவள் நேராக அண்ணியின் பர்னருக்கு வந்து நின்றாள்.

"நான் உக்கார மாட்டேன். என்னைய என்ன நெனச்சுக்கிட்டாரு அந்தாளு? ஒங்க எடத்துல உக்காந்து நான் சோறு தின்னணுமா?"

"கத்தாதே. நீ உக்காரலைன்னா வேற எவளாவது உக்காரப்போறா. அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் கண்ணு போகும்." கோழியக்கா பர்னரைப் பற்றவைத்தாள். "போடி. ஒரு குடும்பத்துல ஒருத்தி கண்ணாவது நிக்கட்டும்."

நாத்தனார் போனாள். அன்று முழுவதும் அவள் ஜன்னலோரத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டீ நேரத்தில் இரண்டு டம்ளரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிக்காமலே எழுந்து போனாள்.

மாதக் கடைசியில் ஆர்டர்காரர்கள் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். சுத்தமான உடுப்பு, மணக்கிற கைக்குட்டை. முதலாளி அவர்களை நேரே பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பெண் ஒவ்வொரு மணியாகக் குனிந்து பார்த்து, கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"பிரமாதமா இருக்கே. யார் பண்ணது?"

"நம்ம பட்டறையில பண்ணதுதாங்க. பேரே இல்லாத குச்சிய அனுப்பினாலும் நாங்க கண்டுபிடிச்சுடுவோம்," என்றார் முதலாளி.

ஜன்னலோரத்தில் நாத்தனாரின் கையிலிருந்து ஒரு மணி தரையில் விழுந்து உருண்டது. அவள் வாயைத் திறந்தாள். கோழியக்கா தூரத்திலிருந்தே வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

மணி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றாள் வந்த பெண். உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்குக் கைத்திருத்தம் அதிகம் என்று முதலாளிக்குத் தெரியும், கோழியக்காவிடம் கூட்டிவந்தார். அந்தப் பெண் தோள்மேல் எட்டிப் பார்க்கக் குனிந்தபோது, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" என்று பதறித் தடுத்தார். அறைக்கு ஓடிப்போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். ஊதாக் கண்ணாடி. கொம்பைப் புதிதாக மாற்றியிருந்தார். சிவப்பு நூல் இல்லை.

"இந்த வெளிச்சத்த வெறுங்கண்ணால பாக்கக் கூடாதுங்க. கண்ணுக்கு ரொம்பக் கெடுதல். இதப் போட்டுக்குங்க."

அவள் போட்டுக்கொண்டாள். "அட, மஞ்சளே தெரியல!" என்று வியந்தாள். பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "இவங்கல்லாம் போடலையே?"

"அவங்களுக்கென்னங்க, பழகிப்போச்சு."

கோழியக்கா அடுத்த குச்சியை எடுத்தாள். வெள்ளைக் குச்சி, வெண்ணெயா சுண்ணாம்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊதாக் கண்ணாடி அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து காத்திருந்தது. அவள் வலது கண்ணை, நன்றாக இருந்த கண்ணை, இறுக மூடிக்கொண்டு, வெந்துபோன இடது கண்ணைத் திறந்து வைத்து, குச்சியைத் தீயில் நீட்டினாள்.